தீபாவளி லீவுக்கு மணாலியா? மழையா பனியா என்று முன்னறிவிப்பைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தீபாவளி விடுமுறைக்கு மணாலி டிக்கெட் போட்டவர்களிடமிருந்து வருடா வருடம் எனக்கு வரும் செய்தி இது: “அண்ணா, போன்ல வெள்ளிக்கிழமை 80 சதவீதம் மழைன்னு காட்டுது. கேன்சல் பண்ணிடவா?” அதே வாரத்தில் இன்னொருவர் கேட்பார்: “ஸ்னோ படம் போட்டிருக்கே, குழந்தைங்க பனி பார்த்துடுவாங்கல்ல?” இருவரும் பார்த்தது ஒரே ஊருக்கு, ஒரே நாளுக்கான முன்னறிவிப்பு.

அந்தச் சின்னப் படத்தை வைத்து இருவருக்குமே பதில் சொல்ல முடியாது. மணாலி பியாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர் சாலையில் ஏறினால் ரோதாங் கணவாய், 3,978 மீட்டர். ஒரே மேகம் ஊருக்குள் மழையாகவும், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சோலாங்கில் மழையும் பனியும் கலந்தும், ரோதாங்கில் முழங்கால் அளவு பனியாகவும் கொட்டும். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் மணாலிக்குப் போகிறவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்த உயரத்தில், எத்தனை மணிக்கு, மழை பனியாக மாறும்? அதை நீங்களே கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்ளலாம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

அதற்கு முன் ஒரு சொல் விஷயம். தமிழில் ‘பனி’ என்றால் புல் நுனியில் நிற்கும் துளியும் பனிதான், மார்கழி விடியலில் கண்ணை மறைப்பதும் பனிதான், இமயமலையில் கொட்டுவதும் பனிதான். ஊட்டியில் ‘உறைபனி’ என்று செய்தி வந்தால் அது தரையிலேயே உறைந்த ஈரம். வானத்திலிருந்து எதுவும் விழவில்லை. மணாலிக்கு இந்த வேறுபாடு முக்கியம். அங்கே நவம்பரில் உறைபனி பல காலைகளில் இருக்கும், பனிப்பொழிவு எப்போதாவதுதான் வரும். இந்தக் கட்டுரையில் ‘பனி’ என்று தனியாகச் சொன்னால் வானத்திலிருந்து விழுவதையே சொல்கிறேன்.

முதல் படி: நம் ஊர் மழைக்கணக்கை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்

நமக்கு ஐப்பசி என்றால் அடைமழை. வடகிழக்குப் பருவமழை, வங்கக்கடலில் தாழ்வு, எந்தக் கரையை நோக்கி வருகிறது என்று கைப்பேசியும் கையுமாக இருப்போம். இமாசலத்தில் அதே காலம் தலைகீழ். தென்மேற்குப் பருவமழை செப்டம்பர் கடைசியில் விலகிவிடும். அக்டோபரும் நவம்பரும் வருடத்திலேயே வறண்ட மாதங்களில் சேரும். நாள் கணக்கில் நீல வானம், பகலில் 15 டிகிரிக்குப் பக்கத்தில், இரவில் 2, 3 டிகிரி. இதுதான் நவம்பர் மணாலியின் சாதாரண முகம்.

இந்த நீல வானத்தைக் கலைக்க வருவது ‘மேற்கத்திய இடையூறு’. மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகும் தாழ்வு, உயரத்தில் ஓடும் மேலைக்காற்றில் ஏறி ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக இமயமலையில் வந்து மோதும். வழியில் காஸ்பியன் கடலிலிருந்தும், கடைசியில் அரபிக்கடலிலிருந்தும் ஈரம் வாங்கிக்கொள்ளும். குளிர்காலத்தில் மாதத்துக்கு நான்கிலிருந்து ஆறு வரை வரலாம். நவம்பரில் வருபவற்றில் பல பலவீனமானவை. மேலே கொஞ்சம் மேகத்தைக் காட்டிவிட்டுப் போய்விடும். ஏதோ ஒன்று மட்டும் ஈரத்தோடு வரும். அது வந்தால் ஒரு நாள், ஒன்றரை நாள் கொட்டிவிட்டுக் கிழக்கே நகர்ந்துவிடும்.

நம் புயலைப் போல ‘எங்கே கரை கடக்கும்’ என்ற குழப்பம் இதில் குறைவு. மலை ஓடிப்போகாது, வருகிற ஈரம் மோதியே ஆக வேண்டும். இங்கே குழப்பம் முழுவதும் உயரத்தில்தான்.

இரண்டாம் படி: போகப்போகும் இடங்களின் உயரத்தை எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு தாளில், மேலிருந்து கீழாக எழுதுங்கள். ரோதாங் 3,978 மீட்டர். லாஹௌல் பக்கம் சிஸ்ஸு, கேலாங் இரண்டும் சுமார் 3,100. மணாலிப் பக்கத்தையும் லாஹௌலையும் இணைக்கும் அடல் சுரங்கப்பாதையின் இரண்டு வாய்களும் 3,000 மீட்டரைத் தாண்டியவை. சோலாங் சுமார் 2,560. மணாலி 2,050. குலு 1,220. விமான நிலையம் இருக்கும் புந்தர் சுமார் 1,090. லடாக்கின் லே வரை போகும் எண்ணம் இருந்தால் பாரலாச்சா கணவாயையும் உச்சியில் எழுதுங்கள். அது 4,800 மீட்டருக்கும் மேல்.

இந்தத் தாள்தான் உங்கள் அளவுகோல். இனி எந்த முன்னறிவிப்பைப் பார்த்தாலும் இதன் மீது ஒரு கோடு போடப் போகிறீர்கள்.

மூன்றாம் படி: பனிக்கோடு

காற்றின் வெப்பம் சரியாக 0 டிகிரி ஆகும் உயரத்தை உறைநிலை மட்டம் என்பார்கள். அதற்கு மேலே விழுவதெல்லாம் பனி. கீழே வந்ததும் உருக ஆரம்பிக்கும், ஆனால் உடனே உருகிவிடாது. பொதுவாக இன்னும் 200, 300 மீட்டர் கீழே வரை பனியாகவே வந்து சேரும். அந்த இடத்தைத்தான் பனிக்கோடு என்கிறேன். உறைநிலை மட்டம் 2,900 என்றால், பனிக்கோடு சுமார் 2,600. உங்கள் தாளில் 2,600-க்கு ஒரு கோடு போடுங்கள். சுரங்கப்பாதை வாய் பனியில், சோலாங் இரண்டுங்கெட்டானாக, மணாலி மழையில்.

விண்டி போன்ற செயலிகளில் உறைநிலை மட்டத்தைத் தனி அடுக்காகப் பார்க்கலாம். அது கிடைக்காவிட்டால் 700 ஹெக்டோபாஸ்கல் அழுத்த அடுக்கின் வெப்பநிலையைப் பாருங்கள். அந்த அடுக்கு ஏறக்குறைய 3,000 மீட்டரில் இருக்கும். மேகத்துக்குள் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6 டிகிரி மாறும் என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. அங்கே 0 காட்டினால் பனிக்கோடு சுரங்கப்பாதை வாய்க்குச் சற்றுக் கீழே. மைனஸ் 3 என்றால் உறைநிலை மட்டம் 2,500-க்கு இறங்கிவிட்டது, சோலாங்கில் நிச்சயம் பனி, மணாலியின் மேல்பக்கத்தில் கலந்து விழலாம். மைனஸ் 5-ஐத் தொட்டுவிட்டால் ஊருக்குள்ளேயே பனி எதிர்பார்க்கலாம். நான் மற்ற எதையும் பார்க்க நேரமில்லாத நாட்களில் இந்த ஒரே எண்ணை மட்டும் பார்ப்பேன்.

இரண்டு விஷயங்கள் இந்தக் கோட்டைக் கீழே இழுக்கும். ஒன்று, மழையின் வேகம். பனி உருகும்போது சுற்றியிருக்கும் காற்றிலிருந்து வெப்பத்தை உறிஞ்சும். கனமாகக் கொட்டினால், குறுகிய பள்ளத்தாக்கில் தேங்கி நிற்கும் காற்று மணிக்கு மணி குளிர்ந்துகொண்டே போகும். மாலையில் மழையாக ஆரம்பித்தது நள்ளிரவில் பனியாவது இப்படித்தான். மற்றொன்று, காற்றின் வறட்சி. ஈரம் குறைந்த காற்றில் துளியும் செதிலும் ஆவியாகிக் குளிரும்; அதனால் வெப்பமானி 2 டிகிரி காட்டும்போதும் பனி விழும். ‘ஜீரோ ஆனால்தான் ஸ்னோ’ என்று காத்திருக்க வேண்டாம்.

பழைய மணாலியில், தகரக் கூரை போட்ட ஒரு விருந்தினர் இல்லத்தில் ஒரு நவம்பர் இரவு தங்கியிருந்தேன். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து கூரை மேல் மழை சடசடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காத அளவுக்குச் சத்தம். பதினொரு மணிக்கு மேல் மெல்ல அடங்கி, பிறகு ஒரேயடியாக நின்றது. அப்பாடா, மழை விட்டது என்று நிம்மதியாகப் போர்வையை இழுத்துக்கொண்டேன். ஏதோ உறுத்த எழுந்து கதவைத் திறந்தால், வாசல் விளக்கின் வெளிச்சத்தில் கட்டைவிரல் நகம் அகலத்துக்குச் செதில் செதிலாக, சத்தமே இல்லாமல், முன்பைவிடக் கனமாக இறங்கிக்கொண்டிருந்தது. கழற்றி வைத்திருந்த செருப்புக்குள் அதற்குள் ஒரு விரல் உயரம் சேர்ந்திருந்தது. மழை விடவே இல்லை. பனிக்கோடு மட்டும் எங்கள் கூரையைத் தாண்டிக் கீழே போயிருந்தது. இன்றைக்கும் மலையூரில் மழைச் சத்தம் திடீரென்று நின்றால் முதலில் கதவைத் திறந்து பார்க்கிறேன்.

கைப்பேசி காட்டும் வெப்பநிலையை அப்படியே நம்பலாமா?

சற்றே திருத்திக்கொண்டு நம்பலாம். உலக முன்னறிவிப்பு மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடுகின்றன. ஐரோப்பிய மாதிரிக்குக் கட்டம் சுமார் 9 கிலோமீட்டர், அமெரிக்க ஜிஎஃப்எஸ் மாதிரிக்கு அதைவிடப் பெரிது. மணாலிப் பள்ளத்தாக்கின் தரையோ ஒன்றிரண்டு கிலோமீட்டர் அகலம்கூட வராது. ஆகவே ஊரும் இரண்டு பக்கத்துச் சிகரமும் ஒரே கட்டத்துக்குள் விழுந்து, சராசரி உயரம் மணாலியைவிட மிக அதிகமாகிவிடும். செயலி ‘மணாலி, மைனஸ் 4, ஸ்னோ’ என்று காட்டும்போது உண்மையில் ஊருக்கு மேலே மலைச்சரிவில் ஓர் இடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

சில தளங்கள் எந்த உயரத்துக்குக் கணக்கிட்டோம் என்பதையும் போடும். 3,000 மீட்டர் என்று போட்டிருந்தால் மணாலிக்கு ஆறு டிகிரி கூட்டிக்கொள்ளுங்கள். போடாவிட்டால், உயரத்தைப் போடும் வேறு தளத்துக்குப் போங்கள். குழந்தைகளிடம் ‘பனி விழும்’ என்று வாக்குக் கொடுப்பதற்கு முன்பு இதைச் செய்யுங்கள்.

‘80 சதவீதம் மழை’ என்பதும் அப்படித்தான். ஏதாவது ஈரம் விழ அவ்வளவு வாய்ப்பு என்றுதான் அர்த்தம். இரண்டு தூறலா, நாள் முழுக்கவா என்பதை அது சொல்லாது. அதற்கு மில்லிமீட்டர் அளவைப் பாருங்கள்.

நான்காம் படி: அளவும் நேரமும்

ஒரு மில்லிமீட்டர் மழை பனியானால் தோராயமாக ஒரு சென்டிமீட்டர். கடும் குளிரில் விழும் உலர்ந்த பனி ஒன்றரை சென்டிமீட்டர்கூட ஆகும். நவம்பரில் மணாலிப் பக்கம் விழுவது பெரும்பாலும் ஈரப் பனி, அரை சென்டிமீட்டரிலிருந்து முக்கால் வரை கணக்கு வையுங்கள். உயரம் குறைவாக இருந்தாலும் எடை அதிகம். காஷ்மீரில் 2018, 2019 இரண்டு வருடமும் நவம்பர் முதல் வாரத்திலேயே கொட்டிய ஈரப் பனியில், இலை உதிராத ஆப்பிள் மரங்கள் பாரம் தாங்காமல் முறிந்து விழுந்தன. அதே பாரம்தான் மின்கம்பி மேல் கிளையைத் தள்ளுகிறது. ஆகவே கன ஈரப் பனி என்று தெரிந்தால் அன்று மாலையே எல்லாப் போனையும், பவர் பேங்கையும் சார்ஜ் ஏற்றிவிடுங்கள்.

ஓர் உதாரணத்தைப் போட்டுப் பார்ப்போம். வியாழன் மதியம் மூன்று மணிக்கு மழை ஆரம்பம், வெள்ளி காலை ஆறுக்கு முடிவு, மொத்தம் 25 மில்லிமீட்டர். உறைநிலை மட்டம் மாலையில் 3,200, நள்ளிரவில் 2,500. மாலையில் பனிக்கோடு 2,900: சுரங்கப்பாதை வாயில் பனி, சோலாங்கிலும் மணாலியிலும் மழை. நள்ளிரவில் பனிக்கோடு 2,200: சோலாங்கில் பனி, ஊரில் கலப்பு. 25-இல் 15 மில்லிமீட்டர் நள்ளிரவுக்குப் பிறகு என்றால் சோலாங்கில் பத்து சென்டிமீட்டர் அளவுக்குக் கிடக்கும். வெள்ளி காலை குழந்தைகளைச் சோலாங் கூட்டிப்போகலாம். வியாழன் சாயங்காலம் சிஸ்ஸு போய் இரவு திரும்பும் திட்டத்தை மட்டும் கைவிட வேண்டும். ‘80 சதவீதம்’ என்று பார்த்துப் பயந்தவர் டிக்கெட்டை ரத்து செய்ய இங்கே காரணமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

நேரம் பார்க்கும்போது ஒரு பிசகு சகஜம். வானிலை வரைபடங்களில் உலகப் பொது நேரம் போட்டிருப்பார்கள். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். 12 என்று போட்டிருந்தால் நமக்கு மாலை ஐந்தரை.

எத்தனை நாள் முன்னால் எதை நம்புவது? ஓர் இடையூறு வருகிறது என்பது ஐந்து, ஆறு நாள் முன்பே ஓரளவு தெரியும். மில்லிமீட்டர் அளவை மூன்று நாளுக்கு முன் நம்பாதீர்கள். பனிக்கோட்டை முந்தின நாள்தான் உறுதி செய்ய முடியும். ஐரோப்பிய மாதிரி சிறு சிறு மாற்றங்களுடன் 51 முறை ஓட்டிப் பார்க்கப்படுகிறது. அந்த 51-இல் பெரும்பாலானவை ஒத்துப்போனால் திட்டத்தை மாற்றுங்கள். சிதறிக் கிடந்தால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள். இரண்டு வாரம் கழித்து ‘புதன்கிழமை ஸ்னோ’ என்று காட்டும் செயலியைப் பார்த்து விடுப்புக்கு விண்ணப்பிக்காதீர்கள்.

ஐந்தாம் படி: அரசு அறிவிப்பு

கணக்கு என்னதான் போட்டாலும் கடைசி வார்த்தை இந்திய வானிலை ஆய்வுத் துறையின் சிம்லா மையத்துடையது. மௌசம் செயலியிலும் அவர்கள் தளத்திலும் மாவட்டவாரியாக நிறம் வரும். பச்சை என்றால் கவலையில்லை, மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள், சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை எடுங்கள். ஆனால் குலு மாவட்டம் புந்தர் மாதிரியான தாழ்ந்த இடத்திலிருந்து பனிச்சிகரம் வரை நீளும். மாவட்டத்துக்கு மஞ்சள் என்றால் மேல்மலைக்கா, நடுமலைக்கா என்று உள்ளே இருக்கும் வரியையும் படியுங்கள். அவர்கள் தாழ்ந்த மலை, நடுமலை, உயர்ந்த மலை என்று பிரித்தே எழுதுவார்கள். ‘ஓரிரு இடங்களில்’ என்றால் கால்வாசி நிலையங்களுக்குள், ‘பரவலாக’ என்றால் முக்கால்வாசிக்கு மேல். இந்தச் சொற்களுக்கு அளவு உண்டு. போகிற போக்கில் எழுதியவை அல்ல.

ரோதாங், லாஹௌல் பக்கம் போகிறவர்கள் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் கீழ் இயங்கும் டிஜிஆர்ஈ வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். சாலை திறந்திருக்கிறதா என்பதற்கு எல்லைச் சாலைகள் அமைப்பும் மாவட்டக் காவல் துறையும் சொல்வதுதான் கணக்கு. டிராவல்ஸ்காரர் ‘ரோடு ஓப்பன் சார்’ என்று சொன்னால் எந்த ஊர் வரைக்கும் என்று திருப்பிக் கேளுங்கள்.

ஆறாம் படி: தலையை நிமிர்த்தி வானத்தைப் பாருங்கள்

சிக்னல் போனபிறகு இதுதான் மிச்சம். மேற்கத்திய இடையூறு வரிசை தவறாமல் அடையாளம் காட்டும். முதலில் உயரத்தில் இறகு மாதிரி மெல்லிய மேகம். அன்று இரவு நிலவைச் சுற்றி வளையம். அடுத்து, மங்கிய கண்ணாடி வழியே பார்ப்பது போல மங்கலான சூரியன். மேகம் போர்வையாக மூடிக்கொள்வதால் அந்த இரவு வழக்கத்தைவிடக் கதகதப்பாக இருக்கும். ஒரு டிரைவர் என்னிடம், “ராத்திரி ஸ்வெட்டர் இல்லாம டீக்கடையில நின்னீங்கன்னா, நாளைக்கு மேல போகாதீங்க சாப்” என்று இந்தியில் சொன்னார். இதைவிடச் சுருக்கமாக எவரும் எனக்கு விளக்கியதில்லை.

இடையூறு கடந்துபோனதும் வடமேற்குக் காற்று வீசி வானம் பளிச்சென்று வெளுக்கும். எல்லோரும் வண்டியை எடுக்கும் நேரம் அது. அப்போதுதான் அடுத்த படி வேலை செய்ய வேண்டும்.

ஏழாம் படி: மறுநாள் காலை

நான் பார்த்தவரை நம்மவர்கள் மாட்டிக்கொள்வது பனி விழும்போது குறைவு, விழுந்த மறுநாள் அதிகம். வானம் தெளிந்த இரவில் வெப்பம் முழுவதும் மேலே போய்விடும். சாலையில் பாதி உருகிய பனி கண்ணாடி போல உறையும். தார் நிறமே தெரிவதால் ஈரமான சாலை என்றுதான் தோன்றும். பிரேக் போட்டபிறகுதான் உண்மை தெரியும். மலையின் நிழல் விழும் வளைவுகளில் பகல் பதினொரு மணிக்குக்கூட அது உருகாது.

2020 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை 9 கிலோமீட்டருக்குச் சற்றே அதிக நீளம். உள்ளே சாலை உலர்ந்திருக்கும். வெளியே வந்ததும் 3,000 மீட்டர் உயரத்துப் பனி. 2024 டிசம்பர் 23 அன்று பனிப்பொழிவில் சோலாங்குக்கும் சுரங்கப்பாதைக்கும் இடையே சுமார் ஆயிரம் வாகனங்கள் மணிக்கணக்கில் சிக்கி நின்றன. காவலர்கள் இரவோடு இரவாகப் பயணிகளைக் கீழே இறக்கினார்கள். காலையில் மணாலியில் வெயில் அடித்தாலும், மதியத்துக்கு மேல் பனிக்கோடு 3,000-க்குக் கீழே வருகிறதா என்று பார்த்துவிட்டே சுரங்கத்துக்குள் நுழையுங்கள். வருகிறதென்றால் மதியம் இரண்டு மணிக்குள் மணாலி பக்கம் திரும்பிவிடுங்கள்.

புதுப்பனி விழுந்தால் காவல் துறை நேரு குண்டிலோ சோலாங்கிலோ தடுப்பு போட்டு நான்கு சக்கர இயக்க வண்டிகளை மட்டும் அனுப்பும். சண்டை போடாதீர்கள். சக்கரச் சங்கிலி போட்ட உள்ளூர் ஜீப்பை எடுத்துக்கொள்ளுங்கள். டெல்லியில் எடுத்த வாடகைக் காரை, முதல்முறையாகப் பனியைப் பார்க்கும் ஒருவர் அந்த வளைவுகளில் ஓட்டக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

கீழ்ப்பக்கத்தையும் மறக்க வேண்டாம். மேலே பனி என்றால் மண்டிக்கும் பண்டோவுக்கும் அவுட்டுக்கும் இடையே மழை. அந்த மலைச்சரிவுகளில் கல் உருளும். திரும்பும் பேருந்து அன்றிரவு என்றால் மறுநாள் டெல்லி விமானத்துக்கு இடைவெளி போதாது. இடையூறு வரும் வாரத்தில் விமானத்துக்கு முன் ஒரு முழு நாள் கையில் வைத்திருங்கள்.

லே வரை போகத் திட்டமிடுபவர்களுக்கு: இந்தக் காலத்தில் ஒரே ஓர் இடையூறு போதும், பாரலாச்சா மூடிவிடும். 2018 செப்டம்பர் கடைசியில், எவரும் எதிர்பார்க்காத நேரத்தில் லாஹௌலில் கொட்டிய பனியில் நூற்றுக்கணக்கானோர் சிக்கி, விமானப்படை ஹெலிகாப்டரில் பலரை மீட்க வேண்டியிருந்தது. செப்டம்பரிலேயே அப்படி. நவம்பரில் அந்தச் சாலையில் போவது எனக்குச் சம்மதமில்லை.

அப்படியானால் பனி பார்க்க எப்போது போவது?

ஊருக்குள் பனி விழ வேண்டுமென்றால் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. தீபாவளி லீவில் போனால் நீல வானம், சிவந்த மேபிள் இலை, அறுவடை முடிந்த ஆப்பிள் தோட்டம், தொலைவில் வெள்ளைச் சிகரம் என்று மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். பனியைத் தொட்டே ஆக வேண்டுமென்றால், ஓர் இடையூறு கடந்த மறுநாள், வெயில் ஏறியபிறகு, சாலை திறந்த உயரம் வரை உள்ளூர் வண்டியில் போய் வாருங்கள். அதற்காக மூன்று நாள் பயணத்தை ஐந்து நாளாக்குவது நல்லது.

பனி விழுந்த அன்று ஊர்க்காரர்கள் முகத்தைப் பாருங்கள், சந்தோஷமாக இருப்பார்கள். ஆப்பிள் மரத்துக்குக் குளிர்கால உறக்கத்தில் பல நூறு மணி நேரக் குளிர் தேவை, கோடையில் வேருக்கு மெல்ல உருகும் ஈரம் தேவை. பனியை அங்கே விவசாயிகள் வெள்ளை உரம் என்பார்கள்.

இன்று ராத்திரியே அந்தத் தாளை எடுத்து உயரங்களை எழுதுங்கள். கிளம்ப ஆறு நாள் இருக்கும்போது இடையூறு ஏதும் வருகிறதா என்று பாருங்கள். மூன்று நாள் இருக்கும்போது மில்லிமீட்டரையும், முந்தின நாள் மாலை 700 ஹெக்டோபாஸ்கல் வெப்பநிலையையும் பார்த்துக் கோட்டைப் போடுங்கள். பிறகு சிம்லா மையத்தின் அறிவிப்போடு ஒப்பிட்டுவிட்டு, டிரைவருக்குப் போன் போட்டுக் காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று கேளுங்கள்.